பட்டி பார்த்த முகம்

சுவருக்குப் பெயின்ட் அடிப்பதில் பாதி வேலை பட்டி பார்ப்பதுதான் ஐயா. விரிசலைச் சுரண்டி, பட்டியை இழுத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அங்கே விரிசல் இருந்ததே தெரியாது. நாற்பது வருஷமாக இதுதான் என் தொழில்.

ஸ்டேஷனில் உட்கார வைத்து, நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நாற்பத்தாறு வயதில் கற்றுக்கொண்டது. என் மகள் ரெஜினா, தன் ஐந்தாம் வகுப்பு நோட்டில் எழுதிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். அவள் அம்மா எல்லம்மாள் செத்த வருஷம் அது.

மாமல்லபுரம் தாண்டி, ஷஹர்பானு அம்மாவின் கடலோர பங்களாவில் வேலை. உப்புக்காற்றில் சுவரெல்லாம் பொரிந்திருந்தது. கூடத்தில் ஒரு பெண்ணின் படம். வெளிநாட்டு ஓவியர் ஒருவர் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வரைந்ததாம். சாமி இல்லை, ராணி இல்லை, துணி வெளுக்கிறவள். கை இரண்டும் தண்ணீரில் ஊறிச் சிவந்திருந்தன. இடது புருவத்தின் மேல் ஒரு வெட்டுத் தழும்பு.

"தழும்ப எதுக்கும்மா வரைஞ்சாரு?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு, வரைஞ்சாரு. அந்தக் காலத்துல படம் வரையறவங்கள்ல அப்படி ஒரு கூட்டம், ஞானதாஸ். கண்ணு பாத்தத கை மாத்தக் கூடாதும்பாங்க."

எல்லம்மாளுக்கும் அதே இடத்தில்தான் தழும்பு. அவள் போட்டோ ஒன்றுகூட வீட்டில் கிடையாது. கல்யாணப் போட்டோவை ஒரு நாள் கோபத்தில் நான் கிழித்துவிட்டேன். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ரெஜினா மறைமலைநகரில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். லீவு நாளில் எனக்குச் சோறு எடுத்து வந்தவள், படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"நைனா, அம்மா மாரியே கீது."

"வெள்ளக்காரிடி அவ. கண்ணு தெரியலயா உனக்கு?"

"கலர வுடு, மூஞ்சியப் பாரு. யாரோ கூப்புட்டாமாரி பாக்குது. அம்மா அப்டித்தான் பாக்கும்." படத்தின் புருவத்தைக் காட்டிக் கேட்டாள். "அம்மாவுக்கு அந்தத் தழும்பு எப்டி வந்துச்சு?"

"கொழாயடில வழுக்கி வுழுந்தா."

"செத்தப்பவும் கொழாயடில வழுக்கித்தான்னு சொன்ன."

"ஒரே எடந்தான். பாசி."

அவள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தாள். "கருவாட்டுக் கொழம்பு. ஆறிடப் போவுது, துன்னு. ஞாயித்துக்கெழம ஃபிரண்டோட போன எடுத்துகினு வரேன். இத போட்டோ புடிச்சு, பெருசு பண்ணி, அம்மான்னு வூட்ல மாட்டப் போறேன். கல்லறைத் திருநாளுக்கு மால போட ஒரு மூஞ்சி வேணும் இல்ல?"

நான் திருடவில்லை ஐயா. யோசித்துத்தான் செய்தேன். தினமும் சாப்பிடும்போது என் பிள்ளை அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா. அவளுக்கு மனசு நோகாதா.

சனிக்கிழமை மத்தியானம், சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஷஹர்பானு அம்மா செங்கல்பட்டுக்குப் போனார். திங்கட்கிழமைதான் வருவார். படத்தை இறக்கித் தரையில் படுக்க வைத்தேன். ஆயில் பெயின்ட் படம் என்று சொல்லியிருந்தார். கதவுக்கு அடிப்பதும் ஆயில் பெயின்ட்தான், எனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். முகமெல்லாம் மெல்லிய வெடிப்பு. தழும்பில் பட்டி வைத்தேன். மறுநாள் ரெஜினா வந்துவிடுவாளே என்று, சரியாகக் காயவிடாமல் தேய்த்தேன். தழும்பு போனது. ஓரத்தில் மேடு தெரிந்தது. அதைச் சமன் செய்யக் கன்னத்தைத் தேய்த்தேன். கன்னத்துக்காக வாயை. கை வைத்துவிட்டால் என்னால் நடுவில் நிறுத்த முடியாது. அடியில் இருந்த துணி தெரிந்த பிறகுதான் நிறுத்தினேன். முகம் முழுக்கப் பட்டியை இழுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே மாட்டினேன்.

ரெஜினா போனோடு வந்தாள். வெள்ளையாக வழவழவென்று இருந்த அந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இதுவும் வழுக்கி வுழுந்துச்சா, நைனா?"

அவ்வளவுதான் கேட்டாள். அழவில்லை. பஸ் ஏறிப் போனவள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

நீங்களும் படத்தைப் பற்றித்தான் கேட்டீர்கள். எல்லம்மாளைப் பற்றி இந்தப் பதினாலு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. அவள் செத்த அன்று, வேலை முடிந்து வந்து குளிக்கத் தண்ணீர் கேட்டேன். மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாள். கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். தலையைப் பிடித்துக் குழாயடிக் கல்லில் மோதினேன். எத்தனை தடவை என்று நினைவில்லை. வழுக்கி விழுந்துவிட்டாள் என்று நான்தான் கத்தினேன். தெருவே ஓடி வந்தது. குழாயடி காய்ந்து கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பத்து வயது ரெஜினாவும் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் எனக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தாள்.

தப்பு என்று பார்த்தால் ஒன்றுதான் ஐயா. பட்டி காய ஒரு நாள் விட்டிருக்க வேண்டும்.