வலிக்காத கடி

உப்புத் தண்ணீரில் பதினோரு வருடம் கை வைத்து வேலை பார்த்தால் நகம் ஒழுங்காக வளராது. அதனால் என் விரல்களைப் பார்த்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். தொட்டி அறையில் இருந்த கேமராவில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதில் சத்தம் பதிவாகாது. என்ன பேசினோம் என்பதை நான் சொல்கிறேன்.

இறந்துபோனவள் என் தங்கை. வீட்டில் சின்னு என்று கூப்பிடுவோம். மீன் காட்சிசாலையில் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். விஷப் பிராணிகள் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. கல்லைப் போலக் கிடக்கும் மீனுக்கு விஷமுள் எங்கே இருக்கிறது, எந்த நத்தையைக் கையில் எடுக்கக் கூடாது, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. இரண்டே வருடத்தில், பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் மைக் அவள் கைக்குப் போய்விட்டது. என் வாக்கியங்களையே சொல்வாள். அவள் சொன்னால் கை தட்டினார்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா சின்னுவைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, "பெரியவளும் அங்கதான் ஏதோ வேலை பாக்குறா" என்பாள்.

நீல வளைய ஆக்டோபஸை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும். பெரும்பாலும் காலிச் சங்குக்குள் சுருண்டு கிடக்கும். சும்மா இருக்கும்போது மண் நிறம். மிரண்டால் உடம்பெங்கும் நீல வளையங்கள் எழும்பும். கிட்டே வராதே என்று அது சொல்கிற விதம். ஏழு மாதம் அதற்கு நண்டு போட்டவள் நான். நான் மூடியைத் திறந்தால் வளையம் காட்டும். சின்னு திறந்தால் நிறம் மாறாமல் வெளியே வந்து நிற்கும்.

"உன் மூஞ்சியப் பாத்தாலே அதுக்கு ஆகலக்கா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு விலங்கு மருத்துவர். புதன்கிழமைதோறும் வருவார். மூன்று வருடம் என்னோடு உட்கார்ந்து டீ குடித்தவர், போன மாதம் வீட்டுக்கு வந்து சின்னுவைப் பெண் கேட்டார். அன்றைக்கும் டீ போட்டது நான்தான்.

அந்த ஆக்டோபஸ் கடித்தால் வலிக்காது. சில நிமிடங்களில் உதடு மரத்துப்போகும். பிறகு கை கால். பிறகு மூச்சு நின்றுவிடும். நினைவு மட்டும் தப்பாது, காது நன்றாகக் கேட்கும். மாற்று மருந்து கிடையாது. ஆனால் விஷம் இறங்கும்வரை யாராவது விடாமல் மூச்சு ஊதிக்கொண்டிருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டியவளே நான்தான். ஆகவே அவளைக் கொல்ல நான் நினைக்கவில்லை என்பது உங்களுக்குப் புரியும். காப்பாற்றத்தான் நினைத்தேன். அக்கா இல்லையென்றால் நான் இல்லை என்று அவள் ஆயுசு முழுக்கச் சொல்ல வேண்டும். மைக்கிலும் சொல்ல வேண்டும்.

அன்று காட்சிசாலைக்கு விடுமுறை. தொட்டியைக் கழுவுவதற்கு முன் ஆக்டோபஸைத் தனிப் பெட்டிக்கு மாற்றுவது வழக்கம்.

"மாத்திட்டியாக்கா?"

"மாத்திட்டேன். சங்கையெல்லாம் வெளிய எடு."

அவள் தொட்டிக்குள் கை விட்டாள். ஒவ்வொரு சங்குக்குள்ளும் விரல் விட்டு அழுக்கை வழித்தாள். கொஞ்ச நேரத்தில், "உதடு ஒரு மாதிரி இருக்குக்கா" என்றாள். கையிலிருந்த சங்கைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"மாத்திட்டேன்னியே..." நாக்கு குழறியது.

அவளைத் தரையில் படுக்கவைத்தேன். யாரும் குறுக்கே வராமலிருக்கக் கதவைத் தாழிட்டேன். மூச்சு ஊதினேன். ஆம்புலன்ஸை உடனே கூப்பிடவில்லை. கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன். ஊதுகிற இடைவெளியில் பேசினேன். நான் பேசி முடிக்கும்வரை அவள் எப்போதும் காது கொடுத்ததில்லை. போனைப் பார்ப்பாள், இல்லையென்றால் நடுவில் சிரிப்பாள். அன்று முழுவதையும் கேட்டாள். மைக்கைப் பற்றிச் சொன்னேன். அம்மாவின் அந்த 'ஏதோ'வைப் பற்றிச் சொன்னேன். கண் காய்ந்துவிடுமே என்று இமையை மூடிவிட்டேன். பிறகு, என்னைப் பார்க்கட்டும் என்று திறந்துவிட்டேன்.

அப்போது கதவுக்கு வெளியே மருத்துவரின் குரல் கேட்டது. "சின்னு, மோதிரம் பாக்கப் போகணும்னியே, கெளம்பலையா?"

மோதிரத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கதவிலிருந்த தடித்த கண்ணாடிச் சதுரத்தின் வழியாக எட்டிப் பார்த்தவர் தட்ட ஆரம்பித்தார். "கதவத் தெறங்க. நீங்க களைச்சுப் போயிட்டீங்க. நான் மூச்சு குடுக்குறேன், என்னால முடியும்."

அவரால் முடியும். மாலைவரைகூட ஊதியிருப்பார். அவள் எழுந்து உட்கார்ந்து, இவர்தான் எனக்கு உயிர் கொடுத்தார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருப்பாள். நான் செய்த வேலைக்கு இன்னொருவர் பேர் வாங்குவதை நான் நிறையவே பார்த்துவிட்டேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் வாயோரத்தைத் துடைத்துவிட்டேன். அவர் கண்ணாடியை உடைத்துத் தாழை நீக்க எட்டு நிமிடம் ஆனது. அதுவரை நான் ஊதவில்லை. உள்ளே வந்ததும் அவர் ஊதிப் பார்த்தார். நான் தடுக்கவில்லை.

ஆக்டோபஸ் இருந்த சங்கை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தது நான். பொய் சொன்னது நான். மூச்சை நிறுத்தியதும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இன்னொன்றையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். இருபத்தாறு நிமிடம் அவளை உயிரோடு வைத்திருந்தது நான்தான்.