இடது கால் செருப்பு

என் பெயர் தங்கவேல், வயது 44, த/பெ முனியன். அண்ணனூர் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், பொன்னியம்மன் கோயில் தெரு, 7ஆம் எண் வீட்டில் மனைவி மக்களோடு குடியிருந்து வருகிறேன். அம்பத்தூரில் ரகுநாதன் என்பவருக்குச் சொந்தமான ஒர்க் ஷாப்பில் மெக்கானிக்காகச் சேர்ந்து, தற்போது மேஸ்திரியாக வேலை செய்து வருகிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாகவே இன்று 20.5.1994 காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையம் வந்து, உதவி ஆய்வாளர் அவர்கள் விசாரிக்க, பின்வருமாறு சொல்கிறேன்.

1983ஆம் வருடம் முதலாளி ஒரு டீசல் பிக்கப் வண்டி வாங்கினார். நெடுஞ்சாலையில் பழுதாகி நிற்கும் வேன், கார்களைக் கட்டி இழுத்து ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு வருவது அதன் வேலை. அதற்கு டிரைவராகக் கன்னியப்பன் என்பவர் சேர்ந்தார். இந்த விபத்து வழக்கில் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராகச் சொல்லப்படுபவர் அவரே. நான் மெக்கானிக் என்பதால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கூடவே போவேன். ஏழு வருடம் அப்படிப் போனோம்.

பாரம் இழுக்கும்போது கியர் பாக்ஸ் சூடாகும். அளவு மீறினால் ஆயில் தண்ணீராக இளகி, பல் சக்கரங்கள் உரசி, கடைசியில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். 1985இல் வேலப்பன்சாவடி அருகே அப்படித்தான் பிடித்துக்கொண்டு, எங்கள் வண்டி ஓட்டத்திலேயே சட்டென்று நிற்க, பின்னால் கட்டி இழுத்து வந்த வேன் எங்கள் மேலேயே மோதியது. ஆளுக்கு இரண்டு தையல் போட்டார்கள். அந்த வண்டியில் கியர் பாக்ஸ் சூட்டைக் காட்ட முள்ளோ விளக்கோ கிடையாது.

அதன் பிறகு கன்னியப்பன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். இழுவைக்குக் கிளம்பும்போதே இடது கால் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் போட்டுவிடுவார். கிளட்ச் மிதிக்காத நேரத்தில் வெறுங்காலை கியர் பாக்ஸ் மேல் இருக்கும் தகட்டில் வைத்து, வாய்விட்டு எண்ணுவார். பத்து வரை கால் தாங்கினால் போகலாம். ஐந்துக்குள் காலை இழுத்துக்கொண்டால் ஓரங்கட்ட வேண்டும். ஓரங்கட்டிய பிறகு பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கையாக வண்டிக்குப் பின்னால் மரக்கிளை ஒடித்துப் போட்டு, கியர் பாக்ஸ் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, அரைமணி நேரம் ஆற விடுவோம்.

பெரும்பாலும் சென்னீர்குப்பத்தில்தான் எண்ணிக்கை ஐந்துக்கு இறங்கும். அங்கே அன்னம்மாள் என்பவர் டீக்கடை வைத்திருந்தார், இப்போதும் வைத்திருக்கிறார். சாக்கை நனைக்க அவர் கடைக் குழாய்க்குத்தான் போவோம். எங்களைப் பார்த்ததும், "இன்னா நைனா, இன்னிக்கி எத்தினி?" என்று கேட்பார். கன்னியப்பன் எட்டு என்று சொல்லிவிட்டால், "எட்டுக்கு எதுக்குப்பா நின்னுகினு கீற? டீ வோணும்னு சொல்லிட்டுப் போயேன்" என்பார். டீக்காகவே நின்ற நாட்களும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. பூந்தமல்லிப் பக்கமிருந்து மல்லிகைக் கூடைகள் ஏற்றிய சைக்கிள்கள் வரிசையாகப் போகும். கன்னியப்பன் காலைத் தண்ணீர் வாளியில் விட்டுக்கொண்டு, போகிறவர்களை எல்லாம் கிண்டல் செய்துகொண்டிருப்பார். அந்த அரைமணி நேரங்களைப் போல நிம்மதியாக நான் அதற்குப் பிறகு எங்கும் உட்கார்ந்ததில்லை. இது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று உதவி ஆய்வாளர் அவர்கள் சொன்னார்கள். சம்பந்தம் உண்டு என்று நான் சொன்னதன் பேரில் எழுதப்பட்டது.

1990ஆம் வருடம் முதலாளி சூடு காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். சூட்டை உணரும் அதன் குமிழ் ஆயிலில் முழுகும்படி கியர் பாக்ஸின் கீழ்ப்பக்கத்தில் பொருத்த வேண்டும். அதற்கு கியர் பாக்ஸை இறக்கித் துளையிட வேண்டும், ஒருநாள் வேலை. நான் சோம்பல்பட்டு மேல் மூடியில் பொருத்திவிட்டேன். அங்கே ஆயில் எட்டாது.

அதன் பிறகு ஒரு இழுவையின்போது கன்னியப்பன், "மச்சான், முள்ளு எழுவதுல கீது, காலு நாலு எண்றதுக்குள்ள சுடுது. உன் மீட்டரு பொய் சொல்லுது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "உன் காலு இன்னா கவருமெண்டு முத்திர குத்துன தராசா?" என்று கேட்டேன். அவர் ஓரங்கட்டி, சாக்கோடு அன்னம்மாள் கடைக்குப் போனார். அவர் போன பிறகு நானும் இடது கால் செருப்பைக் கழற்றி, காலைத் தகட்டில் வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். முள் எழுபதில்தான் இருந்தது. தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், வீம்பு விடவில்லை. அதன் பிறகு அவரோடு போவதை நிறுத்திக்கொண்டேன். நான் மேஸ்திரி ஆனேன். நான்கு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

கடந்த 18.5.1994 பிற்பகல் மூன்று மணி அளவில் நடந்த சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை. கன்னியப்பன் ஒரு வேனைக் கட்டி இழுத்து வந்து சென்னீர்குப்பத்தில் நிறுத்தியிருந்ததாகவும், ஆவடி தொழிற்சாலை ஊழியர் பால்ராஜ் என்பவர் ஸ்கூட்டரில் வந்து அந்த வேனின் பின்புறம் மோதித் தொடை எலும்பு முறிந்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். டிரைவர் ஒற்றைச் செருப்போடு தள்ளாடி வந்தார், குடித்திருக்க வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் சொன்னதாகவும், மீட்டர் எழுபதுதான் காட்டியது, வண்டியை நிறுத்தக் காரணமே இல்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்ததாகவும் தெரிகிறது. எழுதிக் கொடுக்கும் முன் மீட்டர் சரியாக இருக்கிறதா என்று முதலாளி என்னைத்தான் கேட்டார். சரியாக இருக்கிறது என்று சொன்னவன் நான்.

நேற்று மாலை கன்னியப்பனின் மனைவி சொர்ணம் என் வீட்டுக்கு வந்து, "அண்ணே, அவுரு லைசென்சு போச்சின்னா எங்க ஊட்ல அடுப்பு எரியாது. அவுரு ஏன் செருப்பக் கயட்டுனாருன்னு உனுக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லேன்" என்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வராமல் வாசலோடு போய்விட்டார்.

இன்று நிலைய வளாகத்தில் நிற்கும் பிக்கப் வண்டியை உதவி ஆய்வாளர் அவர்கள் முன்னிலையில் பார்வையிட்டேன். இருக்கைக்கு அடியில் இடது கால் செருப்பு இருந்தது. மேல் மூடியில் நான் பொருத்திய குமிழும், அதன் ஒயரும் அப்படியே இருந்ததை அடையாளம் காட்டினேன். கன்னியப்பன் அன்றைக்குச் சாக்கை நனைக்க வந்தாரா, கிளை போட்டிருந்தாரா என்பதை அன்னம்மாளை விசாரித்தால் தெரியும். இதைச் சொல்வதால் என் வேலை போகக்கூடும் என்பதைத் தெரிந்தே சொல்கிறேன்.

அதன் பிறகு உள்ளே பெஞ்சில் கன்னியப்பன் உட்கார்ந்திருக்கக் கண்டேன். இடது உள்ளங்கால் கொப்பளித்து, தரையில் ஊன்ற முடியாமல் வலது கால் மேல் தூக்கி வைத்திருந்தார். பார்த்தவர்கள் தள்ளாட்டம் என்று சொன்னது இந்தக் காலைத்தான். நான் கிட்டே போய், "எத்தினி?" என்று மட்டும் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ரெண்டு, மச்சான்" என்றார்.

மேலே எழுதியிருப்பது நான் என் வாயால் சொன்னது. எழுதி முடித்துப் படித்துக் காட்டக் கேட்டேன். 'மேல் மூடி' என்பது ஓரிடத்தில் 'கீழ் மூடி' என்று எழுதப்பட்டிருந்தது. அதை நானே சொல்லித் திருத்தி, திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
மு. தங்கவேல்