வளையாத கோடு பூட்டிய அறை

பூட்டிய கையாலேயே இந்த மூச்சுப் பயிற்சி அறையைத் திறந்துவைக்க வந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களே! பூட்டியபோதும் கைதட்டி, திறக்கும்போதும் கைதட்டும் நிர்வாகக் குழுப் பெரியோர்களே! பெற்ற பிள்ளையின் மூச்சைக் காது வைத்துக் கேட்டுக் கலங்கிய தாய்மார்களே! தலைமைச் செவிலியின் தலைதாழ்ந்த வணக்கம்.

இயக்குநர் ஒரு கணக்குப் போட்டார். நோயாளி பிழைத்து வீடு திரும்பினாரா, இல்லையா? இரண்டே விடை. பயிற்சி பெற்றவர்களில் திரும்பியவர்கள் குறைவு, பெறாதவர்களில் அதிகம். ஆகவே? பயிற்சியாளர்தான் ஆளைக் கொல்கிறார்! ஆகா, என்ன அறிவு! என்ன ஆய்வு! என்ன அவசரம்! குடை பிடித்தவர் நனைந்திருந்தால், நனைத்தது குடைதானே? பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார், அறையைப் பூட்டினார்.

இங்கே புள்ளியியல் பார்க்கும் அம்மாவுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. நான் இருக்கும்போதே இயக்குநரைக் கேட்டார்.

“யாரை சார் பயிற்சிக்கு அனுப்புறீங்க?”

“ரொம்ப முடியாதவங்களைத்தான்.”

“அப்ப அவங்களை நல்லா இருக்கறவங்களோட ஒப்பிட்டா எப்படி சார்?”

“வயசைத்தான் கணக்குல சேர்த்தாச்சேம்மா!”

“நேர்கோடா சேர்த்திருக்கீங்க. வயசு ஏற ஏற ஆபத்தும் ஒரே சீரா ஏறும்னு. கைக்குழந்தைக்கும் ஆபத்து, கிழவருக்கும் ஆபத்து, நடுவயசுக்குத்தான் கம்மி. கோடு வளையணும் சார்.”

“கோடு நேரா இருந்தாத்தான்ம்மா பார்க்க அழகு!”

சிரிக்காதீர்கள், பின்வரிசையாரே! அழகுணர்ச்சி எல்லாருக்கும் வாய்க்குமா?

அந்த அம்மா கோட்டை வளையவிட்டார். வயதும் நோயின் கடுமையும் தங்கள் போக்கில் ஏறி இறங்க இடம் கொடுத்தார். பயிற்சியாளரின் விடுமுறை நாளில் வந்ததால் பயிற்சி கிடைக்காதவர்களையும், அதே நிலையில் வந்து பயிற்சி பெற்றவர்களையும் அருகருகே வைத்தார். கணக்குத் தலைகீழானது! பயிற்சி பெற்றவர்களே அதிகம் வீடு திரும்பியிருந்தார்கள்.

“நாம குறிச்சு வைக்காத காரணம் வேற ஏதாவது இருக்கலாம். அதனால சத்தியம் பண்ண மாட்டேன்” என்றார். எதற்கு அம்மா? சத்தியம் செய்யத்தான் இயக்குநர் இருக்கிறாரே!

கேலி போதும். அறை பூட்டிக் கிடந்தபோது நம் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மூச்சுத் திணறிப் படுத்தார். எத்தனை பேரைச் சுமந்து வந்தவர்! “அந்தப் பயிற்சியம்மா எங்கே அக்கா?” என்று அவர் மனைவி என் கையைப் பிடித்தாள். நான் என்ன சொல்வேன்? கணக்குச் சரியில்லை என்றா? அவர் வீடு திரும்பவில்லை. பயிற்சி காப்பாற்றியிருக்குமா? தெரியாது. ஆனால் அந்த வாய்ப்பைப் பறிக்க யாருக்கு உரிமை? கேட்கிறேன், யாருக்கு உரிமை?

இனி ஓர் அறையைப் பூட்டும் முன், யார் அங்கே வருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்று கேளுங்கள்!

மறுபடி வேலைக்கு அழைக்கப்பட்டு வந்திருக்கும் பயிற்சியாளருக்கு நன்றி சொல்லத் தேடுகிறேன். நாற்காலி காலியாக இருக்கிறது. வார்டில் யாருக்கோ மூச்சு வாங்குகிறதாம், போய்விட்டார். நானும் போகிறேன். பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி, வணக்கம்.