நாலு நூல் கனம்

வேங்கை மரத்தை மழைக்காலத்தில் இழைக்கக் கூடாது, சார். ஈரம் பட்டால் கையெல்லாம் மஞ்சளாகிவிடும். சோப்புப் போட்டாலும் இரண்டு நாளுக்குப் போகாது. வந்ததிலிருந்து நீங்கள் என் கையையே பார்க்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

நான் தச்சன் இல்லை. வேளாண்மை அலுவலகத்தில் உதவியாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவன். மரவேலை எனக்குப் பொழுதுபோக்கு. காமயகவுண்டன்பட்டி வீட்டுக் கொல்லையில் தகரம் போட்டு, ஒரு பட்டறை மேசையும் நாலைந்து உளியும் வைத்திருந்தேன். தங்கை பவானி வீட்டில் பங்கு கேட்டு வழக்குப் போட்டதும் அதையெல்லாம் சாக்கில் கட்டிப் போட்டேன். ஏழு வருடம் உத்தமபாளையம் கோர்ட்டுக்கு நடந்தோம். மூன்றாம் வருடம் என் மனைவி அவள் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். எனக்குத் தூக்கம் போயிற்று, கையெழுத்துப் போட்டால் கை நடுங்கியது.

கடைசியில் வக்கீல்கள் பேசி சமரசம் செய்தார்கள். அம்மா இருக்கும்வரை வீடு அவள் பேரில். கடைசிக் காலத்தில் அம்மா எந்தப் பிள்ளையோடு இருக்கிறாளோ அந்தப் பிள்ளைக்கு வீடு. எங்கே இருப்பது என்பது அவள் இஷ்டம். யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, அவளாகவே நடந்து போக வேண்டும். பவானியும் நானும் கையெழுத்துப் போட்டோம். அம்மா சந்தனம்மாள் கைநாட்டு வைத்தாள். அன்று அவள் என்னோடு இருந்தாள், அவ்வளவுதான். அவள் மனசு கம்பத்தில், மகள் வீட்டில் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்த டாக்டர், பழைய பொழுதுபோக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். அப்படித்தான் சாக்கை அவிழ்த்தேன். முதல் வேலையாக வாசல் நிலையின் கீழ்ப்படியை எடுத்துக்கொண்டேன். கரையான் அரித்திருந்தது. வருசநாட்டிலிருந்து வந்த பழைய வேங்கை உத்தரம் ஒன்று கிடைத்தது. அறுத்து, இழைத்து, பொருத்தினேன். ஏழு வருடம் கழித்து அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

ஆனால் கை பழகாததால் படி நாலு நூல் உயர்ந்துவிட்டது. எட்டு நூல் ஓர் அங்குலம். நாலு நூல் என்பது அரை அங்குலம். மறுநாள் அம்மா கோலம் போட வெளியே போகும்போது கட்டைவிரல் இடித்துக்கொண்டது.

"ஏலே நாகு, காலு தூக்க வரமாட்டேங்குதுடா. வயசாயிருச்சு போல" என்றாள்.

இழைப்புளி என் கையில்தான் இருந்தது. நாலு நூல் இழைக்கக் கால் மணி நேரம் போதும். நான் அதை மேசையில் வைத்துவிட்டேன். அன்று நான் எதுவும் செய்யவில்லை, சார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் படியின் மேல் ஒரு பட்டி, அதாவது மெல்லிய பலகைத் துண்டு, சேர்த்தேன். அதே வேங்கை, அதே நாலு நூல் கனம். வியாழக்கிழமை மதியம் அவள் உள்ளறையில் தூங்கும்போது பசை தடவி, தலையில்லாத ஆணி அடித்துவிடுவேன். வெள்ளிக்கிழமை காலையில் அவள் படியைக் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள். கண்ணில் புரை. என் இணைப்பையெல்லாம் அவள் மஞ்சளே மூடிவிடும். மாதம் ஒரு பட்டி என்று ஒன்பது பட்டி. ஒன்றில்கூட இடைவெளி தெரியாது. நடுக்கமுள்ள கை செய்த வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் கதவைப் பூட்டவில்லை. பகலெல்லாம் திறந்தே கிடந்தது. தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மாதத்தில் இரண்டு முறை பவானி டவுன் பஸ் ஏறி வருவாள். வழக்கு நடந்தபோது, தன் பங்கு வரும்வரை இந்தப் படியைத் தாண்டமாட்டேன் என்று தெருவில் நின்று சூடம் அடித்துச் சத்தியம் செய்தவள். அதனால் கீழே வாசலில் நின்றுகொண்டு கூப்பிடுவாள். "வா ஆத்தா, எங்கூட வந்து இரு. உம் பேத்தி அபிதா பிள்ளை பெத்துருக்கா, வந்து பாரு." அம்மா உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "காலு கொஞ்சம் தெளியட்டும்டி, வாரேன்." படிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. பவானி அவளைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றுகூடச் சொன்னாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "செத்தாத் தூக்குங்க. உசுரோட இருக்கையில நான் நடந்துதான் வருவேன்" என்றாள். பிடிவாதக்காரி.

அவள் கால்களை நான் கவனிக்காமல் விடவில்லை. தினமும் சாயந்திரம் தைலம் காய்ச்சி முட்டிக்குத் தேய்த்துவிட்டேன். பலாக்கட்டையில் ஊன்றுகோல் கடைந்து கொடுத்தேன். எதிர்வீட்டு அன்னத்தாய் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நாகராஜு மாதிரி பிள்ளை யாருக்குக் கிடைக்கும்" என்றாள். அம்மாவும் தலையை ஆட்டினாள். "எங்காலு இப்படிப் போச்சேடா, பேத்தி பிள்ளையப் பாக்காமலே போயிருவேனோ" என்று அழுவாள். வயசானால் அப்படித்தான் ஆத்தா என்று நான் ஆறுதல் சொல்வேன்.

எட்டாவது மாதம் ஒருநாள், பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது அவள் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். இலவம்பஞ்சுத் தலையணை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடத்தில் வைத்து, சுவரைப் பிடித்தபடி தாண்டுகிறாள். விழவில்லை. மறுபடி தாண்டினாள். சின்னப்பிள்ளை மாதிரி தனியாகச் சிரித்துக்கொண்டாள். அவள் தூங்கிய பிறகு தலையணைகளை அளந்தேன். எட்டு அங்குலம். படியும் எட்டு. ஒன்பதாவது பட்டி அந்த வாரமே சேர்ந்தது.

அபிதா குழந்தைக்குப் பேர் வைக்கிற நாள் வந்தது. பதினோரு மணிக்கு ஆட்டோவோடு வருகிறேன் என்று பவானி சொல்லியிருந்தாள். லேசான தூறல். அம்மா சுங்கடிச் சேலை கட்டி, பத்து மணிக்கே வாசலுக்கு வந்துவிட்டாள். மகள் வருவதற்குள் தெருவில் நின்று காட்ட வேண்டும் என்று ஆசை. நான் பின்னால் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

நிலைப்படியை மிதிக்கக் கூடாது என்று வளர்ந்தவள், சார். எங்களையும் அப்படித்தான் வளர்த்தாள். மிதித்தால் தொடையில் கிள்ளுவாள். படியில் ஒரு கால் வைத்திருந்தால் போதும், எளிதாக இறங்கியிருப்பாள். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்தரத்தில் காலைத் தூக்கினாள்.

தலை வெளியே, கால் உள்ளே என்று விழுந்தாள். வெளிப்படிக்கல்லில் நெற்றி பட்டது. தெருவில் ஆள் இல்லை. சமரசப் பத்திரம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. அக்குளில் கைகொடுத்து உள்ளே இழுத்துக் கிடத்தினேன். ஒன்பது மாதத்தில் அன்றுதான் பகலில் கதவைச் சாத்தினேன்.

மூச்சு இருந்தது. போன் பண்ணவில்லை. பட்டிகளை உளி கொடுத்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். ஐந்தாவது பட்டியில் இருக்கும்போது பவானி வந்து கூப்பிட்டாள். அம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "ஆத்தா தூங்குது, சாயந்திரம் வா" என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று அழுதாள். சத்தியத்தை மீறவில்லை. ஆட்டோ போகிற சத்தம் கேட்டது.

மீதியையும் எடுத்து, முதலில் தவறிப்போன அந்த நாலு நூலையும் இழைத்தேன். தூறல் ஈரத்தில் கை மஞ்சளானது அப்போதுதான். மேலே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். பழைய உயரத்துக்குப் படி கச்சிதமாக வந்துவிட்டது. பெயர்த்த பட்டிகளை எரித்திருக்க வேண்டும். நல்ல வேங்கை, மனசு வரவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு மாத மஞ்சள் ஒட்டியிருக்கிறது. அதைத்தானே நீங்கள் பட்டறையில் எடுத்தீர்கள்.

இழைத்து முடிக்கையில் அவள் கண் திறந்திருந்தது. என் கையிலிருந்த இழைப்புளியைப் பார்த்தாள். அடுக்கி வைத்திருந்த ஒன்பது பட்டிகளைப் பார்த்தாள். பிறகு படியை. என்னிடம் கேட்டாள்.

"அப்ப எங்காலுக்கு ஒண்ணுமில்லையாடா?"

"ஒண்ணுமில்ல ஆத்தா" என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினேன். அவர்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஆமாம், சார், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்; இப்போது கை நடுங்குவதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். காலைப் பற்றி ஒன்பது மாதமாக அம்மாவை அரித்துக்கொண்டிருந்த கவலையை, போகிற நேரத்தில் நான்தான் தீர்த்துவைத்தேன். பவானியால் அது முடிந்திருக்காது.