வழிக்குக் காராமணி

இல்லம்மா, அந்த ஓரம் வேணாம். அந்தக் கதவு பாதி வழியில தானாத் தொறந்துக்கும். இங்க நடுவுல வா, என் பக்கத்துல. இடுப்பு கொஞ்சம் நசுங்கும், ஆனா உசுரு பத்திரமா இருக்கும். ம், அப்படித்தான். பைய மடியில வச்சுக்க. மேல போட்டேன்னா ஆடு தின்னுரும். அட, நெசமாத்தான் சொல்றேன். மேல ரெண்டு ஆடு கட்டிக் கெடக்கு, அதுல ஒண்ணுக்கு எதப் பாத்தாலும் பசி.

எப்பக் கிளம்பும்னா? நல்லாக் கேட்ட போ. உன் கையில இருக்கிற புத்தகத்துல என்ன போட்டிருக்கு? செகூவுலேர்ந்து ஸானுக்குக் காலைல வண்டி உண்டுன்னா? எழுதினவன் இங்க வந்தானா, இல்ல வந்த மாதிரி கனாக் கண்டானா? எங்க ஊரு வண்டிக்கு மணி கெடையாது தாயி, வயிறுதான் உண்டு. ரொம்பினாத்தான் நகரும். இன்னும் ஒரே ஒரு எடம் காலி. அந்த ஒத்த ஆளு எந்த வீட்டுல உக்காந்து கஞ்சி குடிச்சிட்டிருக்கானோ, தெரிஞ்சா நானே போய் சட்டையப் புடிச்சு இழுத்துட்டு வந்துருவேன். நான் சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னாடி ஸான்ல இருந்தாகணும். தொழுகை முடிஞ்சப்புறம் போனா ஒண்ணுத்துக்கும் ஆகாது. அங்க ஒரு வீட்டுல எனக்கு வேலை இருக்கு. நான் செஞ்சாத்தான் உண்டு, வேற யாரும் செய்ய முடியாது.

என்ன அப்படிப் பாக்கிற? கெழவிக்கு என்ன வேலைன்னா? இருக்கும்மா, இருக்கு.

ஆமா, எங்க பாஷைய எங்க கத்துக்கிட்ட? பமாகோவுலயா? வீட்டுக்காரம்மா சொல்லிக் குடுத்தாளா? நல்லாத்தான் பேசற, கொஞ்சம் சளி புடிச்ச மாதிரி இருக்கு, அவ்வளவுதான். ஆனா உனக்கு வணக்கம் சொல்லத் தெரியல. ஏறினதும் நேரா, இந்த வண்டி ஸானுக்குப் போகுமான்னு கேட்ட பாரு, அப்படிக் கேக்கக் கூடாது. முதல்ல, ராத்திரி அமைதியாக் கழிஞ்சுதான்னு கேக்கணும். வீட்டுல எல்லாரும் எப்படி, புள்ளைங்க எப்படி, அண்டை அயல் எப்படின்னு வரிசையாக் கேக்கணும். கழுதை இருந்தா கழுதையும் எப்படின்னு கேட்டுரு, தப்பில்ல. பதில் ஒண்ணே ஒண்ணுதான். அமைதி. அமைதிதான். கூரை பத்தி எரிஞ்சுக்கிட்டிருந்தாலும் அமைதிதான். எல்லாம் கேட்டு முடிச்சு, தண்ணி குடிச்சு, கொஞ்ச நேரம் சும்மா உக்காந்து, அப்புறமா, சரி, என்ன சேதின்னு கேப்பாங்க. அப்பத்தான் சொல்லணும், கூரை எரியுதுன்னு. எங்க ஊர்ல சேதி எப்பவும் கடைசியாத்தான் வரும். இத உன் புத்தகத்துல எழுதிக்க.

இப்ப அந்த டிரைவர் தலைய உள்ள விட்டானே, பாத்தியா? வீட்டுல எல்லாரும் எப்படின்னு கேட்டான். அமைதிதான்னு சொன்னேன். அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு.

உன் பேரு என்ன? ஐயோ, இத எப்படி வாயில போட்டு மெல்றது? சரி விடு. இங்க குலப்பேரு இல்லாமச் சுத்தாத. கட்டவுத்த கழுதைன்னு நெனச்சுருவாங்க. நான் ஒண்ணு வச்சு விடறேன். இன்னையிலேர்ந்து நீ தெம்பேலே. ம், சொல்லிப் பாரு. தெம்... பேலே. சபாஷ். இந்தா, அந்தப் பக்கக் கண்ணாடியக் கொஞ்சம் எறக்கச் சொல்லும்மா. வண்டிக்குள்ள தெம்பேலே உக்காந்திருக்கா, காத்து வரணும்!

கோவிச்சுக்கிட்டியா? கோவிச்சுக்கக் கூடாது. கோவிச்சுக்கிட்டா நீ தெம்பேலே இல்ல. நான் கோனே. நியேலே கோனே. கோனேக்கும் தெம்பேலேக்கும் என்னைக்கோ எவனோ முடிச்சுப் போட்டு வச்சிட்டான், பாத்த எடத்துல கிண்டல் பண்ணிக்கணும்னு. சந்தையில பாத்தாலும் சரி, சாலையில பாத்தாலும் சரி, மொகம் தெரியாதவனா இருந்தாலும் சரி, குலப்பேரு காதுல விழுந்தா உடனே, அடக் காராமணி தின்னி, நீ இன்னும் வெடிக்கலையான்னு கேக்கணும். அவன் உடனே, தின்னது நீ, நாத்தம் என் மேலயான்னு கேப்பான். ரெண்டு பேரும் சிரிச்சிட்டுப் போயிருவோம். எங்கள்ல யாரு காராமணி தின்னிங்கிறது இன்னும் தீரல. தீரவும் தீராது. ஆனா அவங்கதான்.

மத்தவங்க வெளியூர்க்காரங்களுக்குத் தன் குலப்பேரையே குடுப்பாங்க, நெசந்தான். நான் குடுக்கல. எனக்கு ஒரு தெம்பேலே வேண்டியிருந்துது.

ஏன்னா கேக்கற? வழி நீளம். திட்டறதுக்கு ஆள் வேணாமா?

மூக்க மூடாத. தெரியும், என் மடியிலேர்ந்துதான் வருது. அவிச்ச காராமணி. விடியக்காலைல அவிச்சேன், வெங்காயம் போட்டு, எண்ணெய் ஊத்தி. எனக்கில்லம்மா! நான் கோனே, வெரலால கூடத் தொட மாட்டேன். ஸான்ல ஒரு தெம்பேலேக்குக் கொண்டு போறேன். இந்த டிரைவர் இருக்கானே, மதானி, அவனும் தெம்பேலேதான். மூட்டையப் பாத்தானோ இல்லையோ, ஸ்டாண்டு முழுக்கத் தமுக்கடிச்சிட்டான். வாங்க வாங்க, கோனே காராமணி தூக்கிட்டுப் போறா, கையும் களவுமாப் புடிச்சிட்டேன்னு. அந்த டீக்கடைக் கெழவன் கூட எந்திரிச்சு வந்து பாத்துட்டுப் போனான்.

டேய் மதானி! எடுடா வண்டிய! எனக்கு அவசரம்டா!

கேட்டியா என்ன சொல்றான்னு? கோனேக்கு என்ன அவசரம், பானையில காராமணி ஆறிப்போகுதான்னு கேக்கறான். காலைலேர்ந்து இதே கூத்துதான். நான் கெஞ்சினா சிரிக்கிறான். கத்தினா இன்னும் சிரிக்கிறான். அடுத்த தடவ வாயத் தொறந்தேன்னா, சுத்தி இருக்கிறவங்களும் கை தட்டுவாங்க. கோனே வாயிலேர்ந்து வர்றது எதையுமே தெம்பேலே நெசம்னு நம்ப மாட்டான். நம்பவும் கூடாது, அப்படித்தான் வளத்திருக்கு. நல்ல வழக்கந்தான். இன்னைக்கு மட்டும் கொஞ்சம் இடிக்குது.

சரி, அவன விடு. உனக்கு வழி விவரம் சொல்றேன், காதுல வாங்கிக்க. இந்தத் துணிய மூக்கு வரைக்கும் சுத்திக்க. இந்த மாசத்துக் காத்து வடக்கேர்ந்து மண்ண அள்ளிட்டு வரும். ஸான்ல எறங்கறப்ப நீயும் நானும் ஒரே நெறம் ஆயிருவோம், அப்ப யாரு வெளியூருன்னு யாருக்கும் தெரியாது. பாலத்துக்கிட்ட போலீசு நிறுத்துவான், காகிதத்தக் கேப்பான். பயப்படாத. முதல்ல அவன் குலப்பேரு என்னன்னு கேளு. கோனேன்னு சொன்னான்னு வையி, உனக்கு யோகம், அங்கயே அவனக் காராமணி தின்னின்னு சொல்லிரு. சிரிச்சிட்டு அனுப்பிருவான். வேற பேரா இருந்தா வாய மூடிட்டு இரு.

கோலாக் கொட்டை வாங்கி வச்சிருக்கியா? வச்சுக்க, பெரியவங்களப் பாக்கறப்ப வெறுங்கையோட போகாத. வெள்ளைக் கொட்டை பாத்து வாங்கு, சிவப்பக் குடுத்து ஏமாத்துவான். எதைக் குடுத்தாலும் சோத்துக் கையாலதான். சாப்பிடக் கூப்பிட்டா உக்காந்துரு, வேணாங்காத. ஒரே சட்டியில எல்லாரும் கை வைப்பாங்க. உனக்கு முன்னாடி இருக்கிறத மட்டும் சாப்பிடு. கறித்துண்டுக்குக் கைய நீட்டாத, வீட்டுக்காரியே உன் பக்கம் தள்ளி விடுவா. தள்ளலைன்னா உன்னப் புடிக்கலைன்னு அர்த்தம், காலைல மொத வண்டியப் புடிச்சிரு. கம்பங்களிய மெல்லாத, வெண்டைக்காய்க் குழம்புல முக்கி வாயில போடு, அதுபாட்டுக்குப் போயிரும். தண்ணிப் பாக்கெட்ட ஓரத்துல சின்னதாக் கடி. பெருசாக் கடிச்சேன்னா பக்கத்து ஆளுக்குக் குளியல்தான்.

அப்புறம், எவ்வளவு தூரம் போனாலும் வழிக்குத் திங்க ஏதாவது கட்டிக்க. வெறும் வயித்தோட வழியனுப்பறது எங்க ஊர்ல மரியாதையில்ல.

இது எல்லாம் எத்தனை தடவ போய்த் தெரிஞ்சுக்கிட்டதுன்னா?

ஒரு தடவ கூட இல்லம்மா.

சிரி, சிரி. இவ்வளவு நேரம் வழி காட்டினவ இந்தப் பக்கம் வந்ததே இல்ல. அந்தப் பாலத்த நான் கண்ணால பாத்ததில்ல. செகூவ விட்டு நான் எங்க போனேன், ஆத்தோரத்துல பானை விக்கிறவ. எல்லாம் வாசா சொன்னது. வாசா தெம்பேலே. சின்னதுல எங்க தெருதான் அவ. கட்டிக் குடுத்தது ஸான்ல. அதுக்காக விட்டாளா? திங்கக்கிழமை திங்கக்கிழமை செகூ சந்தைக்கு வந்துருவா, வெண்டைக்காய் வத்தல் மூட்டையோட, இந்த மாதிரி ஒரு ஓட்டை வண்டியில. நாப்பது வருஷம். என் பானைக்கடை பக்கத்துலதான் சாக்க விரிப்பா. என் பானைய வாங்க வர்றவங்ககிட்ட, இதுல காராமணி நல்லா வேகும், இவ தினமும் அவிக்கிறான்னு சொல்லுவா. நான் அவ வத்தல வாங்க வர்றவங்ககிட்ட, எடை போடறப்ப இவ கட்டை வெரலப் பாத்துக்கங்கன்னு சொல்லுவேன். எங்க சண்டையக் கேக்கறதுக்குன்னே கூட்டம் வரும். வந்த கூட்டம் எதையாவது வாங்கிட்டுப் போகும். ரெண்டு பேரு யாவாரமும் அப்படித்தான் ஓடுச்சு.

ஒவ்வொரு திங்கக்கிழமையும் கூப்பிடுவா. வாடி ஒரு தடவ ஸானுக்கு, எங்க வீட்டப் பாருன்னுவா. நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? உன் வீட்டுக்கு நான் எதுக்குடி வரணும், காராமணி நாத்தம் புடிக்கவா? உன்னத் தூக்கற அன்னைக்கு வர்றேன் போன்னு சொல்லுவேன். விழுந்து விழுந்து சிரிப்பா. அப்ப வழி சொல்றேன் கேட்டுக்கன்னு ஆரம்பிப்பா. ஓரமா உக்காராத, கதவு தொறந்துக்கும். துணிய மூக்கு வரைக்கும் சுத்திக்க. பாலத்துக்கிட்ட போலீசு நிப்பான். இப்ப உனக்குச் சொன்னேனே, எல்லாம் அவ எனக்குச் சொன்னதுதான்.

இன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி அவ மகன் போன் பண்ணான். ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாளாம். அசர் தொழுகை முடிஞ்சதும் எடுக்கறாங்க.

ஸ்ஸ். வேணாம். என் கையப் புடிக்காத. ஆறுதல் மட்டும் சொல்லிராத தாயி, சொன்னேன்னா நான் ஒடைஞ்சிருவேன். நான் அழக்கூடாது. தெம்பேலே வீட்டுச் சாவுல கோனே அழுதா அது சாவுக்கே அவமானம். அவங்க வீட்டுல அழறதுக்கு நெறைய ஆளு இருக்கு. திட்டறதுக்குத்தான் ஆளில்ல. அவ மகன் அதைத்தான் சொன்னான், அத்தை, அம்மாவத் திட்ட ஆளில்லாமக் கெடக்கா, வந்துருங்கன்னு. நான் போகணும். வாசல்ல மறிச்சுக்கிட்டு உக்காரணும். எங்கடி நைசா நழுவறன்னு கேக்கணும். ஒடம்பு சரியில்லாத மாதிரி நடிக்கிறா, நம்பாதீங்க, எழுப்புங்க, சந்தைக்கு நேரமாச்சுன்னு சத்தம் போடணும். அவ புள்ளைங்க சிரிக்கணும். சிரிச்சப்புறந்தான் நான் வழிய விடுவேன். இந்தக் காராமணிய வாசல்ல வச்சு, இந்தாடி, வழிக்குக் கட்டிக்கிட்டுப் போன்னு சொல்லி அனுப்பணும். நான் வரலைன்னா யாரு சொல்றது? சும்மா, வெறும் அழுகையோட, அவளத் தூக்கிட்டுப் போயிருவாங்க.

மதானிகிட்டச் சொல்லலாந்தான். இந்தச் சேதியச் சொன்னா வெளையாட்ட விட்டுட்டு இப்பவே எடுத்துருவான். ஆனா அவன் நம்பணும்னா நான் சிரிக்காமச் சொல்லணும். சிரிக்காமச் சொன்னா அழுதுருவேன். ஒரு தடவ அழுதுட்டா அப்புறம் அந்த வாசல்ல என் வாய் எப்படிம்மா தொறக்கும்?

அதான் உனக்குத் தெம்பேலேன்னு பேரு வச்சேன். ஒரு தெம்பேலே கொறைஞ்சு போச்சு இல்ல. போற வரைக்கும் யாரையாவது திட்டிப் பழகிக்கணும், வாய் காஞ்சு போகாம இருக்கணும், அவ்வளவுதான் நெனச்சேன்.

எங்க எந்திரிக்கிற? அவன்கிட்டயா? நீ சொல்றியா?

அட. ஆமால்ல. நீ அவனுக்கு அக்கா மொறை ஆயிட்ட. அக்கா சொன்னா வெளையாட்டுன்னு நெனைக்க மாட்டான். போ. முதல்ல வீட்டுல எல்லாரும் எப்படின்னு கேளு, மறந்துராத. சேதி கடைசியா. என் காதுல விழாமச் சொல்லு. என் பக்கம் மட்டும் அவன அனுப்பிராத, கும்புட்டுக்கறேன். அவன் மொகத்த என்னால பாக்க முடியாது.

வந்துட்டியா. தள்ளி உக்காரு. என்ன சொன்னான்? தொப்பியக் கழட்டிட்டான், அது வரைக்கும் பாத்தேன், அப்புறம் மடியில இருக்கிற மூட்டையப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். ஐயோ, இங்கதான் வர்றான். வேணாம்னு சொன்னேனே உன்கிட்ட. வேணாம்டா மதானி, வராத...

கேட்டியா? கேட்டியா என்ன கத்தறான்னு? இந்தக் கோனே கெழவி ஒருத்தியே ரெண்டு ஆளு கனம், நான்தான் கவனிக்கல, வண்டி எப்பவோ ரொம்பிப் போச்சு, ஏறுங்க எல்லாரும்ங்கிறான்! போடா, காராமணி மூட்டை! உன் வண்டி ஓடறதே நீ விடற காத்துலதாண்டா!

ஹா. கெளம்பிருச்சு. கெளம்பிருச்சு பாரு.

நல்ல பய. காராமணி தின்னாலும் நல்ல பய. கண்ணாடியில பாக்காத அவன, கண்ணத் தொடைக்கிறான். கேட்டா தூசிம்பான்.

ம். இப்ப நீ ஆரம்பி. என்னத் திட்டு. நீளமான வழி, போய்ச் சேர்றதுக்குள்ள என் வாய் நல்லா சூடேறி இருக்கணும். வெக்கப்படாத, தெரிஞ்சதச் சொல்லு. ம்ஹூம். இதெல்லாம் பத்தாது. இதக் கேட்டா வாசா கொட்டாவி விடுவா.

இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டுடி, தெம்பேலே.