பனியில் நடக்கப் படிப்பித்தவர்

வெள்ளவத்தையில், வெளிநாட்டுக்கு டெலிபோன் எடுக்கும் கடையில் வரிசை நகரவே இல்லை. எனக்கு முன்னால் நின்ற பெண்மணி, தன்னோடு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னார்:

"பனிமலையில நடக்க எங்கட மகன் ரவிக்கு நான்தான் படிப்பிச்சு விட்டனான்."

"நீங்கள் பனியைக் கண்ணால கண்டிருக்கிறீங்களோ அக்கா?"

"ஃபிரிட்ஜுக்குள்ள கண்டனான். கேளும். சுவிசில வேலை செய்யிற இடத்துப் பெடியளோட மலைக்குப் போனவன். புதுப்பனி கொட்டின சரிவாம். கனபேர் ஒண்டாப் போனா, பாரம் தாங்காமல் பனி முழுக்கச் சரிஞ்சு எல்லாரையும் மூடிப்போடுமாம். ஒவ்வொருத்தராக் கடக்கச் சொல்லியும் மற்றவை கதைச்சுக்கொண்டு ஒட்டி ஒட்டிப் போயிருக்கினம். இவன் மட்டும், முன்னுக்குப் போனவன் அந்தப்பக்கம் சேருமட்டும் நிண்டு, பிறகுதான் கால் வைச்சவனாம்."

"பிறகு?"

"கூட்டிக்கொண்டு போன வெள்ளைக்காரர் எல்லாரையும் நிப்பாட்டி, இவனைப் பார்த்து நடவுங்கோ எண்டவராம். எங்க பழகினது எண்டும் கேட்டவராம்."

"என்ன சொன்னவன்?"

அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

"ஷெல்லடிக்குள்ள பள்ளிக்கூடம் போகேக்க, ஒரு ஷெல்லில எல்லாரும் அம்பிடக்கூடாது, ஒண்டா நடக்காதேங்கோ, தள்ளித் தள்ளிப் போங்கோ எண்டு அம்மா சொல்லி விடுறவ எண்டவனாம்."