ஊசி நோட்டில் ஷோவா

தொகியே: ரெண்டு துண்டுதான். மூணாவதுக்குக் கை நீளுது பாருங்க!

குனிஹிகோ: ஒரு பேரிக்காய்க்கு எட்டுத் துண்டு. ஆறு உனக்காடி?

தொகியே: சர்க்கரை எனக்கா இருக்கு? காலை ஊசி ஆச்சு இல்ல?

குனிஹிகோ: ஆச்சு, ஆச்சு. குளிர் கோட்டை மாட்டிக்கோ. ஆஸ்பத்திரி பஸ் போயிரும்...

செகி: உள்ள வாங்க, நோசாகா ஐயா. அம்மாவும் வரலாமே?

குனிஹிகோ: வேணாம் நர்ஸம்மா. அவ வெளியவே உக்காரட்டும்.

செகி: போன மாசம் சர்க்கரை இறங்கி ரெண்டு தடவை மயங்கிட்டீங்க. அடிக்கடி இப்படித் தாழ்ந்தா மூளைக்கு ஆகாது. அதான் ஞாபகத்தைச் சோதிக்கறோம். சரியில்லன்னா ஊசியை உங்ககிட்ட விட மாட்டாங்க.

குனிஹிகோ: அப்புறம்?

செகி: முதியோர் இல்லந்தான்.

குனிஹிகோ: அவளும் என்கூடவா?

செகி: அங்க ஒருத்தருக்கு ஓர் அறை... மூணு வார்த்தை சொல்றேன், மனசுல வச்சுக்கோங்க. குடை, வாத்து, ரயில். இப்ப, நூறுல ஏழு போனா?

குனிஹிகோ: தொண்ணூத்தி மூணு. அதுல ஏழு போனா எண்பத்தாறு. எழுபத்தொம்பது. எழுபத்தி...

செகி: போதும், போதும்! இது என்ன வருஷம்?

குனிஹிகோ: ரெய்வா ஆறு. இப்ப இருக்கற பேரரசரோட ஆறாவது வருஷம்.

செகி: அந்த மூணு வார்த்தை?

குனிஹிகோ: குடை, வாத்து, ரயில். வாத்துக்கு எதுக்குக் குடைன்னுதான் புரியல.

செகி: என்னைவிட நல்லாவே இருக்கீங்க. அப்ப இந்த ஊசி நோட்டு? மயங்கின ரெண்டு நாளும் காலையில ரெண்டு டிக் இருக்கு.

குனிஹிகோ: மறந்துபோய் மறுபடி போட்டுக்கிட்டேன்.

செகி: தேதியில ‘ஷோவா’ன்னு எழுதியிருக்கு. அந்தப் பேரரசர் காலம் முடிஞ்சு முப்பத்தஞ்சு வருஷமாச்சு ஐயா.

குனிஹிகோ: ஷோவாவா? அது... கைப்பழக்கம்.

செகி: வாயில ரெய்வா, கையில ஷோவாவா? இது யார் எழுத்து?

குனிஹிகோ: அந்த நோட்டை மூடுங்க நர்ஸம்மா.

செகி: ஐயா. அடுத்த தடவை நீங்க கண்ணு முழிக்கலன்னா?

குனிஹிகோ: எனக்குக் கண்ணு மங்கி அஞ்சு வருஷமாச்சு. ஊசி, நோட்டு எல்லாம் அவதான். போட்டதை மறந்துட்டு மறுபடி ஊசியோட வந்து நிப்பா. ஆச்சுன்னு சொன்னா முகம் வெளிறிப்போகுது... அதான், ரெண்டு தடவை, மறுபடி போடட்டும்னு சட்டையைத் தூக்கிக் காட்டிட்டேன். அவளைத் தனி அறையில போட்டுறாதீங்க நர்ஸம்மா. பழம் இன்னைக்கும் எட்டுத் துண்டுதான் நறுக்கினா. எனக்கு மறக்காம ரெண்டு.